பள்ளத்து வயலில் ஊன்றிய குழாய்

பிப்ரவரி 9

தம்பி,

இந்த வாரத்து அளவு அட்டையோடு இதையும் உறைக்குள் வைக்கிறேன். உங்கள் இலாகா அனுப்பிய உறையில் தபால்தலை ஒட்டியே இருக்கிறது. உள்ளங்கை அகல அட்டைக்கு இவ்வளவு பெரிய உறை எதற்கு? மிச்ச இடத்தில் அக்கா எழுதிக்கொள்ளட்டும். போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா, வெச்சுடறேன்" என்று வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுகிறாய்.

நீ ஊன்றிவிட்டுப் போன ஓட்டைக் குழாய் சௌக்கியம். காலை ஆறரைக்கு வரப்பில் இறங்கி, குழாய்க்குள் மர அளவுகோலை விட்டு, ஈரம் பட்ட கோட்டைப் பார்த்து அட்டையில் எழுதிவிட்டு, மதகுக்காரரிடம் போய்ச் சொல்கிறேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் வாயிலிருந்து வருவதை ஏதோ தீர்ப்பு மாதிரி கேட்கிறார். "மண்ணுக்குக் கீழ பதினஞ்சு சென்டிமீட்டர் போச்சுன்னா தொறப்பேன். அதுவரைக்கும் பூட்டுதான்" என்கிறார். நாற்பது வயலுக்கு ஒரு வாய்க்கால், அதற்கு ஒரு மதகு, மதகுக்கு ஒரு குழாய், குழாய்க்கு நான் ஒருத்தி. உன் அத்தான் என்னை "அளவு மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பதினொரு பக்கப் படிவத்தையும் நிரப்பிவிட்டேன். மாடு என்ன தின்கிறது, சாணத்தை எங்கே குவிக்கிறோம், உரம் எத்தனை மூட்டை, எல்லாம் எழுதியாயிற்று. "மாடு விடுற ஏப்பத்தையும் எண்ணச் சொல்வாங்களா?" என்று மேல்வயல்காரர் கேட்டார். வாய்க்கால் தலைப்பில் முதல் வயல் அவருடையது. நீ கூட்டம் போட்டபோது உன்னிடம் எகிறினாரே, அவர்தான். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, உன் மானத்துக்காக அடக்கிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் எனக்கே விளங்கவில்லை. வயலில் தண்ணீர் நின்றால் உலகத்துக்கு என்ன கெட்டுப்போகிறது? நாலு பேர் கேட்கிறார்கள், நானும் தெரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். புரிகிற பாஷையில் எழுது.

உன்னைத் திட்டுவதற்கு உரிமையுள்ள
அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

அட்டை வந்தது. இருநூறு வாய்க்கால்களிலிருந்து வருகிற அட்டைகளில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாதது உன்னுடையது ஒன்றுதான்.

நீ கேட்டதற்குப் பதில். தண்ணீர் தேங்கிய சேற்றுக்குள் காற்று போகாது. காற்று இல்லாத இடத்தில் வாழ்கிற நுண்ணுயிர்கள் மட்கிய வேரையும் தாளையும் தின்று மீத்தேன் என்கிற வாயுவை விடும். சேற்றில் கால் வைத்தால் குமிழி வருமே, அதில் இருப்பது பெரும்பாலும் அதுதான். அது மேலே போய் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வேலையில் கரியமில வாயுவே அதனிடம் தோற்றுப்போகும். நடுநடுவே வயலைக் காயவிட்டால் மண்ணுக்குள் காற்று போகும், வாயு ஏறக்குறைய பாதியாகக் குறையும், நெல் குறையாது. காய்ச்சலும் பாய்ச்சலும். அவ்வளவுதான் திட்டம். பூக்கிற சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது, ஐந்து சென்டிமீட்டர் நிற்க வேண்டும். அதற்கென்று ஆறாவது விதி போட்டிருக்கிறேன். அதை எழுதியது நான்தான், கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

விவசாயத்திலிருந்து வருகிற உமிழ்வைப் பத்து வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைப்போம் என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்துவிட்டது. கொடுத்தவர்கள் போட்டோவில் இருக்கிறார்கள். குறைக்கிற வேலை ஜன்னல் இல்லாத இந்த அறையில் என்னிடமும் ஓர் உதவியாளரிடமும் இருக்கிறது. தலையைச் சொறியக்கூட நேரமில்லை என்பார்களே, எனக்குச் சொறிவதற்கு முடியும் குறைந்துகொண்டு வருகிறது.

உன் வயலை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று இயக்குநர் கேட்டார். அங்கே கூட்டத்தில் சொன்னதையே இங்கேயும் சொன்னேன். "எங்க அக்கா கண்ணு தப்பாது சார்."

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 12

தம்பி,

மாதம் முழுக்க மழை ஊற்றித் தள்ளியது. மதகுக்காரருக்கு வேலையே இல்லை, பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லா வயலும் பச்சென்று நிற்கிறது. "உங்க தம்பி திட்டத்துல மழையும் சேர்த்தியா?" என்று மேல்வயல்காரர்கூடச் சிரித்துவிட்டுப் போனார்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. உன் அத்தானுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகிப் பதினேழு நாள் ஆகிறது. நீ வரவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்ததால் ஒரு வாரம் அட்டை தாமதமானது, அதற்கு மட்டும் உன் இலாகாவிலிருந்து மூன்று நினைவூட்டல். மூன்றிலும் கீழே உன் கையெழுத்து. பக்கத்துக் கட்டில்காரரின் தம்பி ராத்திரியும் பகலும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். உனக்கு அக்கா வேண்டுமா, அட்டை மட்டும் போதுமா? சொல்லிவிடு.

அக்கா


மார்ச் 19

அக்கா,

நினைவூட்டல்களில் இருப்பது ரப்பர் முத்திரை. நான் போட்ட கையெழுத்து இல்லை.

ஆபரேஷனுக்கு வராதது தப்புதான். வந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வாரமும் நாலு பக்கம் குற்றப்பத்திரிகை வாசிக்கிற நிலையில் நான் இல்லை. இங்கே காலையில் இயக்குநர் திட்டுகிறார், மத்தியானம் எந்த ஊர் விவசாயியாவது திட்டுகிறார், சாயங்காலம் உன் உறை. மே முதல் வார மாநாட்டில் இந்தத் திட்டத்தை நான்தான் விளக்க வேண்டும், அதற்கு இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. தயவுசெய்து கொஞ்ச நாளைக்கு அட்டையை மட்டும் அனுப்பு.

தம்பி


ஏப்ரல் 6

தம்பி,

அட்டை மட்டும் போதும் என்றாய். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன், இது வேறு விஷயம்.

மழை நின்று மூன்று வாரம் ஆகிறது. கதிர் வந்து பூக்கத் தொடங்கிவிட்டது. என் வயலில் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கிறது, குழாயும் அதைத்தான் காட்டுகிறது. விதிப்படி மதகு பூட்டியே இருக்கிறது. ஆனால் மேல்வயலில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. எங்களுக்கு மேலே இருக்கிற முப்பத்தொன்பது வயலும் அப்படித்தான். எங்கள் வயல் பள்ளம், பக்கத்தில் குளம் இருக்கிறது, அதன் கசிவு எங்களிடம்தான் வந்து நிற்கிறது. எங்கள் குழாயை வைத்து அவர்கள் வயலைப் பார்க்கக் கூடாது.

இந்த அட்டையில் அதை எழுத இடமே இல்லை. தேதி, அளவு, ஒப்பம், மூன்றே கட்டம்.

ஆபீசிலிருந்து எழுத்தில் வந்தால்தான் திறப்பேன் என்கிறார் மதகுக்காரர். வேலை போய்விடும் என்று பயப்படுகிறார், அவரையும் குறை சொல்ல முடியாது. உன் ஆபீசுக்கு இரண்டு தடவை போன் போட்டேன், "சார் மாநாட்டுக்குத் தயாராகிட்டு இருக்கார், யாரையும் இணைக்கக் கூடாதுன்னிருக்கார்" என்றார்கள். உன் கைபேசியும் எடுபடவில்லை. ஒரு வரி எழுதி அனுப்பு, போதும். "மதகைத் திற." அவ்வளவுதான்.

அக்கா


ஏப்ரல் 10

தம்பி,

வாரக் கடைசிக்குக் காத்திராமல் தனியாக அனுப்புகிறேன். இன்று மேல்வயல்காரர் வீட்டுக்கு வந்தார். அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "ஒரே ஒரு நாள் பூஜ்யம்னு எழுதும்மா. மதகு தொறந்துடும். யாருக்குத் தெரியப்போகுது?" என்று கெஞ்சினார். எகிறிக் குதிக்கிற மனுஷன் கெஞ்சினால் பார்க்கச் சகிக்கவில்லை.

நான் எழுதவில்லை. என் தம்பி ரெண்டு நாளில் பதில் போடுவான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சீக்கிரம் எழுது.


ஏப்ரல் 16

தம்பி,

நேற்று பூட்டை உடைத்துவிட்டார்கள். தண்ணீர் போயிற்று. பூ கருகின பிறகு போயிற்று.

அளவு, ஐந்தரை.


மே 22

அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அறுவடை அறிக்கை வந்தது. முப்பத்தொன்பது வயலிலும் பாதிக்கு மேல் பதர். மாநாட்டிலிருந்து வந்ததும் மேஜையில் அதுதான் இருந்தது. மூன்று தடவை படித்தேன்.

விசாரணைக் குழு உட்கார்ந்திருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் எழுத முடியும் என்கிறார் இயக்குநர். இலாகாவின் தவறு என்று எழுதினால் அந்தக் குடும்பங்களுக்கு நஷ்ட ஈடு கிடைக்கும், ஆனால் திட்டத்தை எப்போது நிறுத்தலாம் என்று காத்திருக்கிறவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகும். இருநூறு வாய்க்காலிலும் நிறுத்திவிடுவார்கள். அளவு எடுத்தவரின் தவறு என்று எழுதினால் இந்த ஒரு வாய்க்காலோடு போய்விடும்.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். "பூக்கும் பருவத்தில் அளவுகோலைத் தவறாக வாசித்துவிட்டேன்" என்று ஒரே வாக்கியம். கீழே உன் கையெழுத்து. உன்னை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள், அபராதம் கிடையாது, நான் கேட்டுவிட்டேன். மற்ற வாய்க்கால்களில் திட்டம் நன்றாக நடக்கிறது அக்கா. நிஜமாகவே வாயு குறைந்திருக்கிறது, விளைச்சல் குறையவில்லை. அது செத்துப்போகக் கூடாது.

ஒன்று மட்டும் மனசு கேட்கவில்லை. மேலே வயல்கள் காய்வது உனக்குத் தெரிந்திருக்குமே. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

தம்பி


மே 28

தம்பி,

நான் மூன்று கடிதம் எழுதினேன்.

உன் கடைசி வரியைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நீ படித்துவிட்டுப் பதில் போடவில்லை என்றுதான் இவ்வளவு நாளாக நினைத்திருந்தேன். மேலிடத்தில் தடுத்திருப்பார்கள், அவன் என்ன செய்வான், கையைப் பிசைந்துகொண்டிருப்பான் என்று உன் அத்தானிடம் உனக்காக வாதாடினேன். நீ பிரிக்கவே இல்லை, இல்லையா? கோபம் என்றால் போதாது. உன்னை நினைத்தால் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

இங்கே என் நிலைமை சொல்கிறேன், கேட்டுக்கொள். அரவை மில்லில் நான் போய் நின்றால் பேச்சு நிற்கிறது. வயல் வேலைக்கு ஆள் வருவதில்லை. மேல்வயல்காரர் மனைவி தினமும் சாயங்காலம் டீ குடிக்க வருகிறவள், இப்போது என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறாள். தம்பிக்கு நல்ல பெயர் வாங்கித் தர நான் பொய் அளவு எழுதினேன் என்று ஊரே பேசுகிறது. நீ அனுப்பிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அதற்கு முத்திரை குத்தின மாதிரி. எனக்கு மிச்சம் இருப்பது நான் சரியாகப் படித்தேன் என்பது ஒன்றுதான். அதையும் கேட்கிறாய்.

ஆனால் நானும் யோக்கியம் இல்லை. குழாய் ஊன்றின அன்றைக்கே எங்கள் வயல் பள்ளம் என்று எனக்குத் தெரியும். நீ வந்தது அறுப்பு முடிந்த காலம், குளமும் வற்றி எல்லா நிலமும் ஒரே மாதிரி காய்ந்து கிடந்தது, உனக்குத் தெரிந்திருக்காது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ அத்தனை பேர் முன்னால் "எங்க அக்கா கண்ணு தப்பாது" என்றாய். எனக்கு அப்படி ஒரு பெருமை. கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருஷத்தில் யாரும் என்னைப் பற்றி ஊர்க் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் அந்தப் பூஜ்யம். ஒரு நாள் எழுதியிருந்தால் அத்தனை வயலும் பிழைத்திருக்கும். என் அட்டையில் ஒரு பொய் ஏறிவிட்டால் உன் திட்டமே பொய்யாகிவிடும் என்று நினைத்தேன். உன் பதில் வரும் என்று நம்பினேன். தினம் தபால்காரரை வாசலில் மறித்தேன்.

காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை.

அக்கா


ஜூன் 5

அக்கா,

என் மேஜையில் கீழே ஓர் இழுப்பறை உண்டு. உதவியாளர் உன் உறைகளைப் பிரித்து அட்டையை எடுத்து அடுக்கிவிட்டு, மிச்சத்தை மடித்தபடியே அதில் போட்டுவிடுவார். அப்படிச் செய்யச் சொன்னது நான்தான். உன் கடிதம் கிடைத்த அன்று மத்தியானம் அதைத் திறந்தேன். மூன்றும் இருந்தன. இரண்டாவது தனியாக வந்தது, அதில் அட்டையே இல்லை. அதையும் நீ திட்டத்தான் எழுதியிருப்பாய் என்று மடிப்புக் கலையாமல் போட்டிருக்கிறேன்.

காரணம் சொல்ல வரவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். எல்லோரும் என்னைத் திட்டுகிற இடத்தில், அக்காவின் திட்டைத் தள்ளிப்போட்டால் அவள் பொறுத்துக்கொள்வாள் என்று தோன்றியது. மற்றவர்களுடைய கடிதம் எதையும் அப்படிப் போட்டதில்லை. உன்னுடையதை மட்டும்தான் போட்டேன்.

குழுவுக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அளவு ஒவ்வொரு நாளும் சரி. இடம் தவறு. இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான், மற்ற ஊர்களில் மேடு பள்ளம் பார்க்கச் செய்த மட்டப் பரிசோதனையை இங்கே அக்கா இருக்கிறாள் என்று செய்யாமல் விட்டதும் நான். ஏப்ரல் ஆறாம் தேதியிட்ட எச்சரிக்கை வந்தது, பிரிக்கவில்லை. உன் மூன்று கடிதங்களையும் இணைத்திருக்கிறேன், மன்னித்துக்கொள், வேறு சாட்சி இல்லை. இயக்குநர் படித்துவிட்டு, "இதுக்கு நீங்க பேசாம ராஜினாமா பண்ணியிருக்கலாம்" என்றார். பழைய கோப்புகள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே ஜன்னல் இருக்கிறது.

நஷ்ட ஈடு உறுதியாகிவிட்டது. திட்டத்தை இருநூறிலும் இந்த வருஷம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். குழு அறிக்கையின் ஒரு பிரதியை உன் ஊர் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி எழுத்தில் வாங்கியிருக்கிறேன்.

நேரில் வர எனக்கு முகமில்லை.

தம்பி


ஜூலை 2

தம்பி,

ஒட்டினார்கள். மதகுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகை முன்னால் நின்று முழுக்க உரக்கப் படித்தார். "அளவு ஒவ்வொரு நாளும் சரி" என்கிற இடத்தை இரண்டு தடவை படித்தார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் பரவாயில்லை.

அன்று சாயங்காலமே மேல்வயல்காரர் மனைவி டீக்கு வந்துவிட்டாள். சர்க்கரை கூடிப்போச்சு என்று மட்டும் சொன்னாள். களையெடுக்க ஆள் வருகிறது. எனக்கு என் ஊர் திரும்பக் கிடைத்துவிட்டது, நீதான் வாங்கிக் கொடுத்தாய், அதை ஒப்புக்கொள்கிறேன். கோபம் இன்னும் தீரவில்லை, அதுவும் உண்மை.

ஆனால் மதகுக்கு இப்போது பூட்டே இல்லை. வாய்க்கால் நிறைய ஓடுகிறது, வயல் வயலாகத் தண்ணீர் முழங்காலுக்கு நிற்கிறது. வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள். நேற்று மேல்வயல் வரப்பில் நடக்கும்போது கால் சறுக்கிச் சேற்றில் விழுந்தது. குமிழி குமிழியாக வந்தது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. நீ எழுதிக் காட்டிய பிறகு பேசாமல் நடந்து போக முடியவில்லை. "நடுவுல நாலு நாள் காயவிடலாமே" என்று களத்தில் சொல்லிப் பார்த்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி ஒரு பெரியவர் எழுந்தே போய்விட்டார்.

நீ சொன்னது சரியான விஷயம்டா. அதுதான் என் வயிற்றெரிச்சல். தப்பான திட்டமாக இருந்திருந்தால் ஒழிந்தது என்று விட்டிருப்பேன். நீ ஒரு கடிதத்தைப் பிரிக்கவில்லை, நான் ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை, நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நல்ல காரியத்தை இந்த ஊரில் இன்னும் பத்து வருஷத்துக்குத் தலையெடுக்காமல் செய்துவிட்டோம். இங்கே அதை நம்புகிறவள் நான் ஒருத்திதான். காய வைக்கவே முடியாத வயலும் என்னுடையது ஒன்றுதான். போகட்டும், என் வயலிலாவது செய்து காட்டுகிறேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

அதனால் மேல்வயல்காரரிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த நடவுக்கு அவர் வயலில் ஒரு மூலையை விடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். மூன்று தடவை அவர் வீட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். அவர் வந்து என்னிடம் கெஞ்சினபோது நான் கொடுக்கவில்லை. இப்போது எந்த முகத்தோடு கேட்பேன்?

உனக்கும் முகமில்லை என்று எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு வா. இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். அவர் உன்னை நன்றாகத் திட்டுவார், திட்டி முடிக்கிற வரைக்கும் நான் உன் பக்கத்திலேயே நிற்கிறேன்.

அக்கா